சரிசெய்வதா, விற்பதா? குன்னூர் வீட்டில் இரண்டு பழைய கைக்கடிகாரங்கள்

அப்பா மறைந்து ஓராண்டு கழிந்தபின் அம்மாவின் பீரோவை ஒழுங்குபடுத்தியபோது, துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்றில் இரண்டு கைக்கடிகாரங்கள் கிடைத்தன. ஒன்று அப்பாவின் எச்.எம்.டி. ஜனதா. தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தைந்து ஆண்டுப் பணியை முடித்ததற்காக 1984இல் எஸ்டேட் நிர்வாகம் அவருக்குக் கொடுத்தது. மற்றொன்று, மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்த என் தாய்வழித் தாத்தா 1960களில் வாங்கிக் கட்டிய ஃபேவர்-லூபா. இரண்டும் சாவி கொடுத்து ஓடும் வகை, இரண்டும் நின்றுபோயிருந்தன. கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா இரண்டையும் விற்றுவிடலாம் என்றார். நான் இரண்டையும் சரிசெய்துவிடலாம் என்றேன். ஆறு மாதம் அலைந்தபின் இருவரின் யோசனையும் பாதிதான் சரி என்று தெரிந்தது.

இப்படி ஒரு கடிகாரம் கைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பாசமா, பணமா என்றுதான் பேசத் தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அதனால் முதல் இரண்டு மாதம் தொலைபேசியில் மனத்தாங்கல்தான் மிஞ்சியது. உண்மையில் ஒப்பிட வேண்டிய வழிகள் நான்கு: உள்ளது உள்ளபடி விற்பது, சரிசெய்து கட்டிக்கொள்வது, சரிசெய்து விற்பது, எதுவும் செய்யாமல் டின்னிலேயே விட்டுவைப்பது. இந்த நான்கில் எது பொருந்தும் என்பதை, பின்மூடியைத் திறந்து மிஷினைப் பார்க்கும்வரை யாராலும் சொல்ல முடியாது. ஜனதாவுக்கு ஒரு விடையும் ஃபேவர்-லூபாவுக்கு நேர்மாறான விடையும் கிடைத்தன. சந்தையில் விலை குறைந்த கடிகாரம் சரிசெய்யத் தகுதியானதாகவும், விலை கூடியது கைவைக்காமல் விற்கத் தகுதியானதாகவும் அமைந்தது எனக்கே வியப்பாக இருந்தது.

எதுவும் செய்யாமல் விடுவது

நான்காவது வழியை முதலில் முடித்துவிடலாம். சமவெளியில், வறண்ட ஊரில், பீரோவில் கிடக்கும் கடிகாரம் பத்தாண்டு கழித்தும் ஏறக்குறைய அதே நிலையில் கிடைக்கலாம். நீலகிரியில் அப்படி எதிர்பார்க்க முடியாது. அக்டோபர், நவம்பரில் குன்னூரில் வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாத நாட்களில் தோல் செருப்பும் புத்தக அட்டையும் பூஞ்சணம் பூப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடிகாரத்துக்குள் பித்தளைச் சக்கரங்கள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் சாவிக்குமிழோடு சேர்ந்த தண்டு, துடிப்பைச் சீராக்கும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங், சிறு திருகுகள் முதலிய எஃகுப் பாகங்கள் ஈரத்தைத் தாங்காது.

மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறினால் காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பழைய கடிகாரத்தின் மூடியில் ஈரம் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால், மலையேறும்போது கேஸுக்குள், அதாவது வெளிக்கூட்டுக்குள், இருக்கும் காற்று வெளியேறும். இறங்கும்போது வெளிக்காற்று, அதிலுள்ள ஈரத்தோடு, உள்ளே புகும். அதாவது கடிகாரம் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு முறை மூச்சுவிடுகிறது. மார்கழிக் காலையில் கண்ணாடியின் உட்புறத்தில் பனித்துளி கட்டுவதற்கு இது ஒரு காரணம். கையின் சூட்டில் இருக்கும் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது என்பது மற்றொரு காரணம். ஈரத்தை உறிஞ்ச அரிசிப் பானைக்குள் புதைத்துவைக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. அரிசி ஈரத்தை எடுக்கிறதோ இல்லையோ, அதன் மாவுத்தூள் கடிகாரத்துக்குள் போகிறது. ஆகவே, “இப்போதைக்கு இருக்கட்டும்” என்று டின்னை மூடிவைப்பது காத்திருப்பது போலத் தோன்றினாலும், எங்கள் ஊரில் அது கடிகாரத்தை மெல்ல இழக்கும் வழியாகத்தான் முடியும்.

பின்மூடிக்குள் இருந்தவை

குன்னூர் பஜாரில், செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில், ஓர் ஆள் மட்டுமே உட்காரக்கூடிய பெட்டிக்கடையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடிகாரம் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இன்று அவரிடம் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பேட்டரி மாற்ற வருபவர்கள். சாவி கொடுக்கும் கடிகாரம் இரண்டைக் கண்டதும் அவர் கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு, பூதக்கண்ணாடியை இடது கண்ணில் மாட்டிக்கொண்டார். “முதல்ல சாவி குடுத்துப் பாத்தீங்களா?” என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். “இனிமே அப்படிச் செய்யாதீங்க தம்பி” என்றார்.

அதன் காரணத்தைப் பிறகு விளக்கினார். மிஷினில் இடும் எண்ணெய் சில ஆண்டுகளில் காய்ந்து பிசினாகிவிடும். நின்றுபோன கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, கையில் தட்டி, ஓடவைத்துவிட்டோம் என்று மகிழும்போது, எண்ணெயில்லாத அச்சுமுனைகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. இத்தகைய மிஷின்கள் மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை துடிக்கின்றன. ஒரு நாளில் 4,32,000 துடிப்புகள். “ஓடுகிறதே” என்பது கடிகாரம் நலமாக இருப்பதற்குச் சான்றாகாது என்று சொல்வது இதனால்தான். விற்பவர்கள் விளம்பரத்தில் “ஓடும் நிலையில்” என்று எழுதுவதற்கும் இதே அளவு மதிப்புதான்.

ஜனதாவின் பின்மூடியைத் திறந்தபோது மூடியின் உட்பக்கம் எனக்குக் காட்டப்பட்டது. ஊசியால் கீறியதுபோல மூன்று தேதிகள்: 88 மார்ச், 93 ஜூலை, 2001 ஜனவரி. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சிறு குறி. சர்வீஸ் செய்பவர்கள் தங்கள் நினைவுக்காக இப்படிக் கீறி வைப்பது பழைய வழக்கம். நடுவிலுள்ள குறி தன்னுடையதுதான் என்று பெரியவர் சொன்னார், ஆனால் கடிகாரம் நினைவில்லை என்றும் சொன்னார். கேஸின் உள்விளிம்பைச் சுற்றி, நகத்தால் சுரண்டினால் வரும் அளவுக்கு, கறுத்த பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் படிந்திருந்தது. வியர்வையும் தேயிலைத் தூளும் சேர்ந்த அழுக்கு அது. அப்பா டீ மேக்கராக இருந்தவர். நொறுக்கிய இலையைத் தரையில் பரப்பியபின் அது பச்சையிலிருந்து செம்பு நிறத்துக்கு மாறும் நேரத்தைக் கணித்து, சரியான நிமிடத்தில் உலர்த்தும் எந்திரத்துக்கு அனுப்ப வேண்டும். கொஞ்சம் முந்தினால் பச்சை வாடை, கொஞ்சம் பிந்தினால் சப்பென்ற சாயம். மூக்கால் முகர்ந்துவிட்டு மணிக்கட்டைப் பார்ப்பது அவர் வழக்கம். ஆகவே அந்தத் தூள் உள்ளே போனதில் வியப்பில்லை.

இந்த அழுக்கைத் தவிர ஜனதாவின் மிஷினில் பெரிய குறை எதுவும் இல்லை. முன்னும் பின்னும் ஆடித் துடிக்கும் பேலன்ஸ் வீல் நேராகச் சுழன்றது, ஹேர்ஸ்பிரிங் சுத்தமாக இருந்தது, சாவி கொடுக்கும்போது இறுகி விசை தரும் மெயின்ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருந்தது. குறை ஒன்று இருந்தது வெளியில்தான். சாவிக்குமிழ் எச்.எம்.டி.யுடையதே அல்ல. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அப்பா இதைச் சமவெளியில் ஒரு கடையில் சர்வீஸுக்குக் கொடுத்திருந்தார். அங்கு அசல் குமிழைக் கழற்றிக்கொண்டு வேறு ஏதோ குமிழை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடைக்காரர் மூடிக்குள் தேதி போடவில்லை என்பதையும் கவனித்தோம்.

ஃபேவர்-லூபாவின் மிஷின் வேறு தரத்தது. 1737இல் சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் நகரில் வேர்விட்ட நிறுவனம் அது. 1960களில், மெயின்ஸ்பிரிங்கைச் சுருட்டிவைக்கும் பீப்பாய்கள் இரண்டு கொண்ட மெல்லிய மிஷின்களைச் செய்தது. தாத்தாவுடைய டயலில் “ட்வின் பவர்” என்று அச்சிட்டிருப்பது அதைத்தான் குறிக்கிறது. ஒரு பெரிய சுருள்வில்லின் வேலையை இரண்டு சிறிய வில்கள் பகிர்ந்துகொள்வதால் விசை நீண்ட நேரம் சீராகக் கிடைக்கிறது. கடிகாரமும் தடிமனாவதில்லை. பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தபோது, தகடுகளின் விளிம்பு செதுக்கப்பட்டிருந்த நேர்த்தி எனக்கே புரிந்தது. கூடவே ஹேர்ஸ்பிரிங்கின் வெளிச்சுற்றில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு செம்புள்ளியும் தெரிந்தது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் மூடியைச் சாத்தினார்.

சரிசெய்யும் செலவு

ஜனதாவுக்கு அவர் சொன்ன கூலி 1,200 ரூபாய். மிஷினை முழுவதும் பிரித்துக் கழுவி, எண்ணெயிட்டு, மெயின்ஸ்பிரிங் மாற்றிப் பூட்டுவது இதில் அடங்கும். கீறல் விழுந்த ஆக்ரிலிக் கண்ணாடிக்கும் ரப்பர் வளையத்துக்கும் தனியாக 250. பழைய அசல் குமிழ் ஒன்று, கழித்த கடிகாரத்திலிருந்து எடுத்தது, 150. மொத்தம் 1,600 ரூபாய்.

இவ்வளவு எளிதாக இந்தக் கணக்கு முடிவதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி., சாவி கொடுக்கும் அடிப்படை மிஷின் ஒன்றையே பல பெயர்களில் பல்லாண்டு விற்றது. ஜனதாவும் பைலட்டும் கோஹினூரும் உள்ளே ஏறக்குறைய ஒன்றே. 2016 ஜனவரியில் அந்தக் கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துவிட்டதால் புதிய உதிரிபாகங்களுக்கு வழியில்லை என்பது உண்மைதான். ஆனால் பழைய எச்.எம்.டி. கிடக்காத பழுதுபார்க்கும் கடை தமிழ்நாட்டில் அரிது, ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தும்.

ஃபேவர்-லூபாவின் நிலை வேறு. பெயர் இன்றும் இருக்கிறது. டைட்டன் நிறுவனம் 2011இல் அதை வாங்கியது, 2023இல் அது எத்தோஸ் நிறுவனத்துக்குக் கைமாறியது. ஆனால் பெயர் கைமாறியதை நம்பி அறுபதாண்டுக்கு முந்தைய இரட்டைப் பீப்பாய் மிஷினுக்கு உதிரிபாகம் கேட்டுப் போவது வீண் அலைச்சல். துருவேறிய ஹேர்ஸ்பிரிங்கைத் துடைத்து எடுக்கலாம், ஆனால் துரு தின்ற இடத்தில் குழி விழுந்திருக்கும். தலைமயிரினும் மெல்லிய அந்த வில்லின் விறைப்பு அந்த ஒரே இடத்தில் குறைந்தாலும் நேரம் நிலைப்படாது. மாற்ற வேண்டுமென்றால் அதே மிஷின் உள்ள மற்றொரு கடிகாரத்தை வாங்கிப் பலியிட வேண்டும். பெரியவர் தன்னால் முடியாது என்று கூச்சமின்றிச் சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்காகவே ஜனதாவை அவரிடம் விட்டேன். கோயம்புத்தூரில் அக்கா விசாரித்த கடையில் 6,500 ரூபாய் ஆகும் என்றார்கள். உதிரிக் கடிகாரம் கிடைத்தால்தான் வேலை நடக்கும், உத்தரவாதம் எதுவும் இல்லை என்றும் சொன்னார்கள்.

சர்வீஸுக்குக் கொடுப்பவர்களுக்கு, எங்கள் குமிழ் போன பாடத்திலிருந்து ஒரு சொல். கொடுக்கும் முன் கடிகாரத்தை நான்கு பக்கமும் படமெடுத்து, முடிந்தால் மிஷினையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். கேஸைப் பாலிஷ் செய்ய வேண்டாம், டயலைத் தொட வேண்டாம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் பளபளப்பாக்கித் தருவது வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதை என்றே பல கடைக்காரர்கள் மனதார நம்புகிறார்கள்.

சரிசெய்து விற்பது என்னும் கண்ணி

மேற்பார்வைக்கு மிகப் புத்திசாலித்தனமாகத் தோன்றும் வழி இதுதான், நானும் சில வாரம் இதில் மயங்கியிருந்தேன். ஓடாத ஃபேவர்-லூபாவுக்குச் சேகரிப்பாளர் ஒருவர் 7,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். நன்றாக ஓடினால் எவ்வளவு என்று கேட்டபோது 11,000 முதல் 12,000 வரை என்றார். நாலாயிரம், ஐயாயிரம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று தோன்றியது. ஆனால் 12,000லிருந்து 6,500ஐக் கழித்தால் மிஞ்சுவது 5,500. ஓடாத கடிகாரத்தை அப்படியே கொடுத்தால் கிடைப்பதைவிட 1,500 குறைவு. இடையில் ஹேர்ஸ்பிரிங் கைகொடுக்காமல் போகும் அபாயமும் நம் தலையில்தான். வாங்குபவருக்கோ தமக்குத் தெரிந்த கைவினைஞர் இருக்கிறார், உதிரிக் கடிகாரங்கள் டிராயரில் இருக்கின்றன. நமக்கு 6,500 ஆகும் வேலை அவருக்கு அதில் பாதிகூட ஆகாது. எனவே பழுதுபார்க்கும் செலவை ஏற்க நம்மைவிட அவரே பொருத்தமானவர்.

இதைவிடப் பெரிய கேடு டயலில் கைவைப்பது. தாத்தாவின் டயலில் மூன்று மணிக்கு அருகே ஈரம் பட்டு வெளிறிய திட்டு ஒன்று உண்டு. 1,500 ரூபாய்க்கு அதைப் புதிதாக வர்ணம் பூசி, எழுத்தை அச்சிட்டுத் தர ஒருவர் முன்வந்தார். இப்படி மறுவர்ணம் பூசிய கடிகாரங்கள் மும்பையிலிருந்து உலகெங்கும் போய், சேகரிப்பாளர்களிடையே கெட்ட பெயரையே வாங்கி வைத்திருக்கின்றன. எழுத்துகள் தடித்திருக்கும், ஆறு மணிக்குக் கீழே இருக்க வேண்டிய சிறிய “சுவிஸ் மேட்” எழுத்து காணாமல் போயிருக்கும் அல்லது கோணலாக இருக்கும், அந்த நிறுவனம் ஒருபோதும் செய்யாத நீலத்திலும் ஆரஞ்சிலும் டயல் ஒளிரும். எச்.எம்.டி. பைலட்டுக்கு நடந்திருப்பதும் இதுதான். விற்பனைக்கு வரும் வண்ண வண்ணப் பைலட்டுகளில் பல, கழித்த மிஷின்களின் மேல் புது வர்ணம் பூசியவை. அசல் திட்டு உள்ள டயலைவிடப் பளிச்சென்ற போலி டயல் மதிப்புக் குறைந்தது. ஃபேவர்-லூபாவை வாங்க வந்தவர் முதலில் பார்த்ததே அந்த வெளிறிய திட்டைத்தான். அது இருந்ததால்தான் டயல் அசல் என்று நம்பினார்.

ஜனதாவையும் இந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஓடாத நிலையில் 800 ரூபாய்க்குக் கேட்டார்கள். 1,600 செலவழித்து ஓடவைத்தால் 2,000 கிடைக்கலாம் என்றார்கள். பின்மூடியில் அப்பாவின் பெயரும் பணியாண்டும் செதுக்கப்பட்டிருப்பதால் இன்னும் சற்றுக் குறையலாம் என்றும் சொன்னார்கள். இந்த ஒரே செதுக்கல் விற்பவருக்குக் குறையாகவும் வைத்திருப்பவருக்கு மூலதனமாகவும் இருக்கிறது. புகழ்பெற்ற ஒருவரின் பெயராக இருந்தாலன்றி, வேறு ஆளின் பெயர் பொறித்த கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளப் பலரும் விரும்புவதில்லை. 800 ரூபாய்க்கு விற்கக்கூடிய பொருளுக்கு 1,600 செலவழிப்பதா என்று அக்கா கேட்டது நியாயமான கேள்விதான். விற்பதற்காகச் செலவழித்தால் அது நட்டம். கட்டிக்கொள்வதற்காகச் செலவழித்தால் ஒப்பிட வேண்டியது வேறு: 1,600 ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும் புதுக் கடிகாரம் எது, அது பத்தாண்டு கழித்துப் பழுதுபார்க்கத் தகுதியாக இருக்குமா என்பது. அப்படிக் கேட்டால் ஜனதாவுக்கு எதிரே நிற்க வேறு கடிகாரம் எனக்குத் தென்படவில்லை.

யாருடையது என்னும் கேள்வி

இதை நாங்கள் கடைசியில் கேட்டோம், முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். உயில் எழுதாமல் இந்து ஆண் ஒருவர் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. கைக்கடிகாரமும் சொத்துதான், ஆகவே ஜனதா அம்மா, அக்கா, நான் மூவருக்கும் பொது. ஃபேவர்-லூபா அப்படியல்ல. அது தாத்தா தம் கையால் அம்மாவுக்குக் கொடுத்தது, முழுக்க அம்மாவுடையது. அக்காவும் நானும் ஆறு மாதம் வாதிட்டுக்கொண்டிருந்தது எங்களுக்கு உரிமையே இல்லாத ஒன்றைப் பற்றி. அம்மாவிடம் கேட்டபோது, தாத்தா அதை மண்டிக்குக் கட்டிப்போனதே இல்லை, திருமணங்களுக்கு மட்டும்தான் கட்டினார் என்றார். ஓடாவிட்டால் தமக்கு வேண்டாம் என்றும் சொன்னார். நான் அம்மா அழுவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

வரியைப் பற்றி நண்பர்கள் பலர் பயமுறுத்தினார்கள். இந்தியாவில் வாரிசு வரி இல்லை, பழைய எஸ்டேட் வரி 1985இலேயே நீக்கப்பட்டுவிட்டது. சொந்தப் பயன்பாட்டுக்கான அசையும் பொருளை விற்பது மூலதன ஆதாய வரிக்குள் வராது, ஆனால் நகைக்கு இந்தச் சலுகை இல்லை. எஃகுக் கேஸ் உள்ள சாதாரணக் கைக்கடிகாரம் நகையாகாது. தங்கக் கேஸோ வைரமோ பதித்ததாக இருந்தால் மட்டும் கணக்காயர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஊட்டியிலும் குன்னூரிலும் பழைய பங்களாப் பொருட்களோடு வரும் பாக்கெட் கடிகாரங்களை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. நூறாண்டுக்கு மேற்பட்ட கைவினைப் பொருட்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும், அத்தகையவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் இருமடங்கு விலை சொன்னாலும் முதலில் வயதை உறுதிசெய்துகொள்ளுங்கள். அதேபோல, வெலிங்டன் ராணுவக் குடும்பங்களில் உலகப் போர்க் காலக் கடிகாரங்கள் இருப்பதுண்டு. அவற்றின் முள்ளிலும் எண்களிலும் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசியது ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வது எப்போதோ நின்றிருக்கும், ஆனால் ரேடியத்தின் அரையாயுள் 1,600 ஆண்டு, கதிர்வீச்சு நிற்பதில்லை. அந்தக் கண்ணாடியைக் கழற்றிப் பூச்சைச் சுரண்டுவதோ ஊதுவதோ கூடாது. இத்தகைய கடிகாரத்தில் சரிசெய்வதா விற்பதா என்ற ஒப்பீட்டுக்கு முன், அது ரேடியமா என்பதை அறிந்த ஒருவரிடம் காட்டுவதுதான் முதல் வேலை.

விற்றதும் சரிசெய்ததும்

ஃபேவர்-லூபாவை உள்ளது உள்ளபடி விற்றோம். நான் எடுத்த படங்களில் டயலின் திட்டும், ஹேர்ஸ்பிரிங்கின் செம்புள்ளியும், பின்மூடியின் உட்பக்கமும் தெளிவாகத் தெரியும்படி வைத்தேன். குறையை மறைக்காமல் காட்டியதால் விலை குறையும் என்று அக்கா அஞ்சினார். நடந்ததோ, குறை தெரிந்த கடிகாரத்துக்குச் சேகரிப்பாளர் தயங்காமல் விலை சொன்னார். கேட்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள தூரத்தையும் அப்போதுதான் அறிந்தேன். இணையத்தில் 25,000 ரூபாய் என்று போட்டிருந்த அதே வகைக் கடிகாரம் ஒன்று நான் பார்த்த ஆறு மாதமும் விற்காமலே இருந்தது. இடையில் ஒருவர் முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை இடச் சொன்னார். பணம் பெறுவதற்கு யுபிஐயில் ரகசிய எண் தேவையில்லை, பணம் போவதற்குத்தான் தேவை. அவரைத் தடுத்துவிட்டு, குன்னூருக்கே நேரில் வரத் தயாராக இருந்தவருக்குக் கொடுத்தோம். அவர் 7,000 ரூபாயை அம்மாவின் கையில் வைத்துவிட்டு, பழைய தோல் ஸ்ட்ராப்பும் இருக்கிறதா என்று கேட்டார். பக்கிளில் ஃபேவர்-லூபா முத்திரை இருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டாம். ஸ்ட்ராப் எலி கடித்துக் கிடந்தது, பக்கிள் மட்டும் பிழைத்தது. அதற்கு மேலும் 500 கொடுத்தார். அந்த பக்கிளை நான் குப்பைக்கு ஒதுக்கி வைத்திருந்தேன்.

ஜனதா மூன்று வாரம் பெரியவரிடம் இருந்தது. திரும்பி வாங்கும்போது ஒரு வாரம் எல்லா நிலைகளிலும், டயல் மேலாகவும், குமிழ் கீழாகவும், கையிலும் வைத்துப் பார்த்து வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். இப்போதெல்லாம் செல்பேசி, டிவி, ஸ்பீக்கர் என்று காந்தம் உள்ள பொருள்கள் வீடு முழுவதும் இருப்பதால், திடீரென நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடத் தொடங்கினால் மிஷின் கெட்டுவிட்டது என்று பதறாமல், ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அதை எடுக்க அவரிடம் ஒரு சிறு கருவி இருக்கிறது, ஒரு நிமிட வேலை. குளிக்கும்போதும் சுடுநீர்ப் பாத்திரத்தின் அருகிலும் கழற்றிவைக்கிறேன். ரப்பர் வளையம் புதிது என்றாலும் நாற்பது வயதுக் கேஸை நம்பி மழையில் நனைவதில்லை. நான்கு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்ற 1,000 ரூபாயாவது ஆகும் என்பதையும் இந்த வழியின் செலவில் சேர்க்க வேண்டும். அந்தச் செலவை மூன்றாகப் பிரித்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. கடிகாரமும் ஆறு மாதம் என்னிடம், ஆறு மாதம் அக்காவிடம்.

இப்போது அக்காவின் முறை. கோயம்புத்தூர் போனதிலிருந்து கடிகாரம் நாளொன்றுக்கு இருபத்தைந்து வினாடி முந்துகிறதாம். திறந்து, ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு முள்ளைச் சற்று நகர்த்தித் திருத்தச் சொல்லி என்னிடம் மூன்று முறை கேட்டுவிட்டார். பெரியவரோ, இந்த வயது மிஷினுக்கு அது நல்ல ஓட்டம், அதற்காக மறுபடியும் மூடியைத் திறக்க வேண்டாம் என்கிறார்.